வண்டி சூடாகும் வரை

என் அக்கா இந்தியாவுக்குப் புறப்பட்ட காலையில் நான் சின்னத்துரையின் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. ஓட்டுவது துரை, சூடாக்குவது நான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வண்டியைச் சூடாக்க ஒரு தனி ஆளா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சாவியைத் திருப்பியதும் ஓடுகிற வண்டிகளைத்தான் தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டைத் தாண்டி மேலே ஏறினால் வரும். பெரியதுரைக்கு அடுத்த அதிகாரி சின்னத்துரை. சீமையிலிருந்து வந்த இளவட்டம், கல்யாணம் ஆகாதவர். அவரிடம் இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பெரியதுரையின் கறுப்புக் கார் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்தப் பச்சை வண்டி வளைவில் திரும்பினால் கொழுந்து பறிக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கங்காணி சத்தம் போட்ட பிறகுதான் குனிவார்கள்.

காலை ஆறு மணிக்குக் கொட்டகையைத் திறந்து வண்டியை முற்றத்துக்குத் தள்ளுவேன். தை, மாசியில் அந்த நேரத்துக்குப் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். வண்டியின் முகப்பில் ஒரு சாக்கைக் கட்டி, உள்ளே குளிர்காற்று போகாமல் அடைப்பேன். பிறகு சோக் என்கிற குமிழை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வேன். மூன்றாவது முறை, நான்காவது முறை பிடிக்கும். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது. முன்னால் இருக்கிற சின்ன வட்டத்தில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் ஏறி, துரை காட்டிய கோட்டுக்கு வர வேண்டும். அதற்குக் கால் மணி நேரமும் ஆகும், அரை மணி நேரமும் ஆகும். இவ்வளவையும் வெளியே நின்றபடி, கதவைத் திறந்து, இடுப்பை வளைத்துத்தான் செய்வேன். துரையின் சீட்டில் உட்காரக் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

பெரட்டுக்குப் போகிற பெண்கள் கூடையும் கம்பளியுமாக அந்த வழியாகத்தான் போவார்கள். வேலைக்குப் பேர் கொடுக்கிற அவசரத்திலும் என்னை விட மாட்டார்கள்.

"என்னண்ணே, காருக்கு இன்னும் காய்ச்சல் வரலியா?"

"எங்க வீட்டு ஆளையும் இப்பிடிச் சூடாக்கி எழுப்பிவிட்டுப் போண்ணே. போர்வைய விட்டு வெளிய வர மாட்டேங்குது."

நான் பதில் சொல்வதில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. என் வாய்க்கு ஒரு பூட்டு உண்டு, அதைப் போட்டுவிட்டால் நானே நினைத்தாலும் திறக்காது.

அந்த வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் முள் பாதிதான் ஏறியிருந்தது. துரை வந்து நின்றார். சரியாகிவிட்டதுங்க என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது வளைவில் வண்டி இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. துரை பளபளத்த சப்பாத்தோடு சேற்றில் நடந்து திரும்பி வந்தார். சமையல்கார அப்பு, தோட்டக்காரன், பால்காரன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என்னைச் சோம்பேறி என்றார். அந்த ஒரு சொல்தான். இனிமேல் முள் கோட்டைத் தொடாமல் 'சரி' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது என்று அன்றே முடிவு செய்தேன்.

பல வருடம் கழித்து நுவரெலியாவில் ஒரு மெக்கானிக் சொன்னார், அப்படி நிறுத்திவைத்துச் சூடாக்கவே தேவையில்லையாம். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் ஓட ஓடத் தானாகச் சூடாகுமாம். நிற்க வைத்து ஓடவிட்டால்தான் எஞ்சின் தேயுமாம். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா செத்துப்போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அதிலிருந்து எனக்குச் சோறு போட்டது அவள்தான். கல்யாணம் ஆன பிறகும் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். மச்சானும் முகம் சுளித்தவர் இல்லை. லயத்து வீட்டு வரிசையில் ஒரே அறையான அந்தக் காம்பிராவில் அவர்கள் இருவர், மூன்று பிள்ளைகள், நான். பங்களாவில் வேலை கிடைத்துக் கொட்டகைக்குப் பக்கத்து அறைக்கு நான் வந்த பிறகும், ராச்சாப்பாடு அங்கேதான்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எல்லாரும்தான் எழுதிப் போட்டோம். மச்சானுக்கு இல்லை என்று வந்துவிட்டது. என்னுடையது முடிவாகாமல் கிடந்தது. இந்தியாவுக்கே போய்விடலாம் என்று அவர்கள் இருவரும் பேசி, பாஸ்போர்ட்டுக்குக் கைநாட்டும் வைத்துவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. தோட்டத்து ஆபீசில் ஒருவர், "ஒங்க அக்கா வீட்டுல எப்பப் பயணம்?" என்று கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. நேரே லயத்துக்குப் போனேன்.

"சொன்னா நீ விட மாட்டே தம்பி" என்றாள் அக்கா. "எனக்கும் மனசு மாறிரும். அதான் சொல்லல."

நான் வாயைப் பூட்டினேன். நான்கு மாதம் அவளோடு பேசவில்லை. சாப்பிடவும் போகவில்லை. அவள் மூத்த மகளிடம் சோறு கொடுத்தனுப்புவாள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவேன், ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்ப மாட்டேன். எப்படியும் ஸ்டேசனில் பேசிவிடுவேன் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். ரயில் புறப்படும்போது பேசினால் அழுகையும் சுருக்கமாக முடிந்துவிடும் என்று கணக்கு. அது வீம்பு என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் செய்தேன்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சின்னத்துரை என்னைக் கூப்பிட்டார். ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உன் அக்கா சனிக்கிழமை ரயில் போறது?"

"ஆமாங்க தொரை."

"நானும் ஹட்டன் போறது. நீ என் கூட வா. வண்டியில."

தோட்டத்து லொறியில் அக்கா வீட்டார் விடியுமுன்னே போகிறார்கள், நானும் அதில் தொற்றிக்கொள்வதாகத்தான் இருந்தேன். லொறியில் போனால் முகத்துக்கு நேரே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பேசாமல் இருக்க முடியாது. காரில் போனால் ஸ்டேசனில் இறங்கி நேரே பேசிக்கொள்ளலாம். சரிங்க தொரை என்றேன். ரயில் ஏழே முக்காலுக்கு என்று சொன்னேன். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் தாராளமாகப் போய்விடலாம் என்றார்.

முதல் நாள் சாயங்காலம் லயத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். நான் போகவில்லை. கடைசிப் பிள்ளைக்குக் கொடுக்கக் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மச்சானின் சொந்த ஊர் திருச்சிப் பக்கம், அங்கேயும் மலையும் குளிரும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் பிறந்ததிலிருந்து இந்த மலையை விட்டு இறங்கியவனில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை காலை லொறி போகிற சத்தம் கேட்டது. கொட்டகையில் இருந்தபடி கேட்டேன். பிறகு வண்டியைத் தள்ளி, சாக்கைக் கட்டி, ஸ்டார்ட் செய்தேன். அன்றைக்கு நல்ல குளிர். ஐந்தாவது முறைதான் பிடித்தது.

ஆறே முக்காலுக்குச் சொன்னபடி துரை வந்தார். தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"போகலாம்?"

நான் முள்ளைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகணுங்க தொரை" என்றேன்.

அவருக்கு அவசரம் இல்லை. எனக்குத்தான் அவசரம். அவர் போகலாமா என்று கேட்கிறார், நான் பொறுங்கள் என்கிறேன். நல்ல ஆள் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, இன்னொரு கோப்பை டீ குடிக்க உள்ளே போனார். முள் ஏறிக் கோட்டைத் தொட்டது. சாக்கை அவிழ்த்தேன். துரை வரவில்லை. தேயிலை ஃபேக்டரியில் ஏதோ உடைந்துவிட்டதாக டெலிபோன் வந்திருந்தது. சன்னல் வழியாக அவர் பேசுகிற சத்தம் கேட்டது.

சமையல்கட்டு வாசலில் நின்ற அப்புவிடம் போய், "தொரைகிட்ட நேரமாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றேன்.

"தொரை டெலிபோன்ல நிக்கிறாரு. நான் போயி என்னான்னு சொல்ல? காரு சூடாக்குறவனுக்கு நேரமாச்சு, சீக்கிரம் வாங்கன்னா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் திரும்பி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ஏழு பத்து. பக்கத்து சீட்டைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த வண்டிக்குள் நான் உட்கார்ந்தது அன்றுதான். ரோடு இடுப்புக்குக் கீழேயே ஓடுவது போலிருந்தது. தொப்பிப் பொட்டலத்தை மடியில் வைத்து, முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். நோர்வூட் பஜாரில் சவரக்கடைக்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்து பார்த்தார். துரை வேகமாகத்தான் ஓட்டினார். காற்றுக்கு மேலே சத்தம் போட்டு, அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூணுங்க தொரை என்றேன். வண்டி ஒரு இருமல் இல்லாமல் ஓடியது. துரை எஞ்சினைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, சபாஷ் என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மற்ற நாளெல்லாம் தாமதிக்கிற ரயில் அன்றைக்கு நேரத்துக்குப் போய்விட்டது. நான் மேடைக்கு ஓடியபோது கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அது எந்தப் பெட்டி, உள்ளே யார் என்று எதுவும் தெரியவில்லை. வழியனுப்ப வந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் அங்கங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்காவின் பக்கத்துக் காம்பிராக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"இப்பத்தான் வர்றியா தம்பி? ஒங்க அக்கா உள்ள போயி ஒக்காரவே இல்ல. கதவப் புடிச்சுக்கிட்டு வாசலயே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கடைசியில, 'கோவந்தான் அவனுக்குப் பெருசாப் போச்சு, வரமாட்டான்'னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்று நினைத்தேன், வரவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துரை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார், அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் தோட்டத்து ஆட்களோடு லொறியில் திரும்பினேன். தொப்பி காரிலேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியைத் தள்ளி, சாக்கைக் கட்டி, ஸ்டார்ட் செய்தேன். பெண்கள் அந்த வழியாகப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மச்சான் ஊர் விலாசம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்புத் தமிழ்தான், ஆனாலும் நானே எழுதினேன். கோபத்தில் வராமல் இல்லை அக்கா, துரை என்னைத் தன் காரில் கூட்டி வந்தார், கார் சூடாக நேரமாகிவிட்டது, அதனால் ரயிலை விட்டுவிட்டேன் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். எத்தனை முறை எழுதினாலும் நடந்தது அதுதானே. கடைசியில் அதையே தபாலில் போட்டேன்.

பதில் வந்தது. மூத்தவளின் கையெழுத்து. அக்கா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள்.

"தம்பி, நாங்க எல்லாரும் சொகம். இங்க வெயிலு தாங்க முடியல. நீ எழுதுனதப் படிச்சுக் காட்டுனா. தொரை பக்கத்துல, தொரை வண்டில ஒக்காந்து வந்தியாம். எந்தத் தோட்டத்துல எந்தத் தொரை நம்ம ஆள ஏத்திக்கிட்டுப் போனாரு? நானும் அந்த மலையிலதான பொறந்தேன். கோவத்துல வரலன்னு எழுதியிருந்தா நான் ஏத்துக்கிட்டிருப்பேன். எனக்குப் பொய் எதுக்குத் தம்பி?"

அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. உள்ளதைச் சொன்னவனைப் பொய்யன் என்கிறாளே என்று. பக்கத்துக் காம்பிராக்காரியைச் சாட்சிக்குக் கைநாட்டு வைக்கச் சொல்லி ஒரு கடிதம் போடலாமா என்றுகூட யோசித்தேன். நான் என்ன கோர்ட்டிலா நிற்கிறேன் என்று விட்டுவிட்டேன். நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் போகட்டும் என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அக்கா பதினோரு வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள்.