சொத்தைப் பல்லில் பூசிய பூச்சு

1962 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலேகால் மணி. வானத்தில் ஒரு மேகமும் இல்லை; காற்றில் மட்டும் தை மாதத்துக் குளிர் மிச்சம் இருந்தது. எனக்கு ஒன்பது வயது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர்.

அக்காவின் முன்பற்களில் இரண்டு பழுது. ஒன்று நல்ல பல், கிணற்றுச் சுவரில் மோதி ஓரம் உடைந்தது. மற்றது சொத்தை. முதல் நாள்தான் அப்பா எங்களைப் பல் கட்டுபவரிடம் கூட்டிப்போயிருந்தார். அவர் வெள்ளைப் பொடியைக் கண்ணாடித் துண்டில் குழைத்து இரண்டிலும் பூசினார். பூசும்போது அக்காவிடம் ஏதோ சொன்னார். நான் அலமாரியில் இருந்த பல் செட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு.

எங்கள் நெசவுக்காரர் வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்ல மாட்டார்கள். தறிக்கு அழைத்துப்போய் அறுந்த இழையை முடியச் சொல்வார்கள். அக்கா ஒரு நொடியில் முடிந்தாள். மிச்ச நூலை அறுக்கக் கத்திரிக்கோலைத் தேடினாள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "இன்னாமா, கத்திரி தேடிக்கினு நிக்கிற? பல்லு இல்லியா உனக்கு?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்க அக்கா பல்லாலதான் கடிக்கும்! ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது இழை. நான் எண்ணியிருக்கேன்."

"அப்படியா? பையன் நெசமா சொல்றானா, புளுகுறானா?"

அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து நூலைக் கடித்தாள்.

நூல் அறுந்தது. சொத்தைப் பல்லின் பூச்சும் கூடவே பெயர்ந்து, மாப்பிள்ளையின் மாமா கையில் வைத்திருந்த கேசரித் தட்டில் விழுந்தது. உடைந்த பல்லில் பூசியது அசையவே இல்லை.

"சுவத்துக்கு வெள்ளை அடிச்சிப் பாத்திருக்கறேன்," என்றார் மாமா. "பல்லுக்கு அடிச்சி இன்னிக்கிதான்பா பாக்கிறேன்."

ஏழு பேரும் சிரித்தார்கள். காப்பி வரும்வரைகூட உட்காரவில்லை. அப்பா வாசல்வரை பின்னாலேயே போய்விட்டு வெறுமனே திரும்பினார். நான் தறியின் பின்னால் நின்று, எண்ணிக்கை சரிதான், நூற்று நாற்பதுதான் என்று அழுதேன்.

"சரியாத்தான்டா எண்ணின," என்றாள் அக்கா, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

அவள் மறதியில் கடித்துவிட்டாள், பல் கட்டுபவர் பசையில் ஏமாற்றிவிட்டார் என்றுதான் அறுபது வருடத்துக்கு மேல் நம்பியிருந்தேன்.

போன மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு இரண்டு பற்களை அடைத்தார்கள். முழுக்கச் சுரண்டினால் நரம்பில் படும் என்று ஒன்றில் கொஞ்சம் சொத்தையை விட்டுவைத்திருந்தார்கள். பதினோராம் நாள் அந்த அடைப்பு மட்டும் விழுந்தது. ஒரே பசை, ஒரே நாள், ஒரே கை. இது மட்டும் ஏன் விழுந்தது என்று பெண் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"நல்ல பல்லு கெட்டியா இருக்குது அங்கிள், பசை நல்லா புடிச்சுக்கும். சொத்தை பட்ட இடம் மெத்துன்னு, ஈரமா இருக்கும். அங்க அந்தப் புடி வராது. அந்தப் பல்லால எதையும் கடிக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே?"

சொல்லியிருக்கிறாள். அப்போது நான் கூரைப் பலகைகளின் சின்னத் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினேழு பல் செட்டுகளுக்கு நடுவே அன்று காதில் விழுந்தும் மனத்தில் ஏறாமல் போன குரல் இப்போது கேட்டது. "சொத்தையில நிக்காதும்மா. நாலு பேர் பாக்குறவரைக்கும் தாங்கும். கடிச்சா வந்துடும்."

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏழு பேர் முன்னால் நான் புளுகன். என்னைப் பார்த்துவிட்டுத்தான் கடித்தாள்.

அதன்பின் அவள் ஐம்பத்தெட்டு வருடம் இருந்தாள். வாயைக் கையால் மூடாமல் என் எதிரில் சிரித்தது மூன்று முறை.