கூட்டிய தெருவில் வைக்கோல்

இன்று காலை மார்க்கெட் தெருவுக்குக் கோப்பை வாங்கப் போனேன்.

முனிசிபாலிட்டித் துப்புரவுக்காரி முனியம்மா பீங்கான் கடை வாசலைக் கூட்டிவிட்டு நகர்ந்தாள். உடனே கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளிருந்த வைக்கோலைத் தெருவில் கொட்டினார்.

அந்த நேரம் பார்த்து, வேலையை மேற்பார்வையிடும் மண்டோர் வந்துவிட்டார்.

"என்னா முனியம்மா, இதுதான் கூட்டுன லட்சணமா? இன்னிக்கு அரைப்பேருதான்லா."

பாதி நாள் கூலி போயிற்று.

கடைக்காரர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தேன். முனியம்மா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"வேண்டாங்க டீச்சரம்மா. எம்புள்ள உள்ளதான் தூங்குது."

எட்டிப் பார்த்தேன். கடையின் பின்பக்கம், காலிப் பெட்டியில், அதே வைக்கோலின் மேல் ஒரு கைக்குழந்தை. அவள் வேலை முடியும்வரை அங்கேதான் கிடக்குமாம்.

மண்டோர் போனதும் கடைக்காரர், யாரும் கேட்காமலே, "அதான் புள்ளய பாத்துக்கிறோம்ல" என்றார்.

அவள் மறுபடி கூட்டினாள். தெரு சுத்தமாகிவிட்டது.

நானும் அதே கடையில் ஆறு கோப்பை வாங்கி வந்தேன். உடையாமலிருக்க வைக்கோல் சுற்றிக் கொடுத்தார். இப்போது அது என் மேசைமேல் கிடக்கிறது.

இந்த வைக்கோலையெல்லாம், வாசிக்கும் நீங்கள் எங்கே போடுகிறீர்கள்?