படம் முடிய முந்தி

யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த ஒரு படத்துக்கும் முடிவு கிடையாது. எடுத்தவர்கள் முடிவு வைத்துத்தான் எடுத்திருப்பார்கள். எங்கள் பெரியண்ணைதான் அதைப் பார்க்க விடமாட்டார். கடைசிக் காட்சி சூடு பிடிக்கும் நேரம் பார்த்துத் தோளில் தட்டி, “எழும்புங்கோ, லைட் போடப் போறாங்கள்” என்பார். வெளிச்சம் வந்தால் பின்வரிசைப் பெடியள் எங்களைப் பார்த்துவிடுவார்களாம். பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டிருந்தால் அதோடு படமே இல்லை. அக்காவும் நானும் இருட்டில் ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிப்போகிற வீடுகளில் அதுதான் வழக்கம்.

அப்படி முக்கால்வாசி பார்த்த படங்களில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். ஒரு பெரிய ஹோட்டலில் முத்துமாலை களவு போகிறது. கண்டுபிடிக்க வருகிற துப்பறிவாளனுக்குத் தன் தொப்பியையே கண்டுபிடிக்கத் தெரியாது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி வைத்து, “கள்ளன் இங்கேதான் இருக்கிறான்” என்று அவன் சொன்ன இடத்தில் என் தோளில் தட்டு விழுந்தது. அடுத்த நாள் அண்ணை கூட்டாளிகளோடு போய் அதே படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்தார். கள்ளன் யாரென்று கேட்டேன். “உனக்கேன் அது?” என்றார். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு கலியாணம், கப்பல், மெல்பேர்ன். இவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கிளேட்டனில் வாடகை வீடு. எழுபதுகளின் நடுவில் அக்கம்பக்கமெல்லாம் கலர் டிவி வாங்கியபோது எங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். ஒரு சனிக்கிழமை பேப்பரில் அந்தப் படத்தின் பெயர் கிடந்தது. மறுநாள் மத்தியானம் போடுகிறார்கள். அந்தத் துண்டைக் கத்தரித்து எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை வெள்ளனவே சமைத்து முடித்தேன். “இண்டைக்கு மத்தியானம் என்னை ஒண்டுக்கும் கூப்பிடப்படாது” என்று இவரிடம் சொன்னேன். “உதொரு பழைய பகிடிப் படமப்பா” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

படம் அதேதான். தொப்பி தொலைந்தது, நானும் பழையபடி சிரித்தேன். முக்கால்வாசி ஓடியிருக்கும், வாசலில் கார் வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் இவருடைய துறையில் வேலை செய்கிற மூத்தவர் ஒருவர், எங்கள் ஊர்ப்பக்கம், மனைவியோடு வந்து இறங்கினார். எங்கள் ஆட்களுக்கு டெலிபோன் இருந்தாலும் சொல்லிவிட்டு வருகிற பழக்கம் இல்லை.

“தேத்தண்ணி போடுறன், இருங்கோ” என்றேன். “ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்” என்றார் அவர். வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். இன்னும் இரண்டு தரம் வற்புறுத்த வேண்டும், அவர் இன்னும் இரண்டு தரம் மறுக்க வேண்டும், பிறகு வடையோடு குடிப்பார். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், “என்னப்பா நிக்கிறீர்?” என்று கண்ணாலேயே குசினியைக் காட்டிய என் மனுசனுக்கும் தெரியும்.

போனேன். தேத்தண்ணிக் கேத்தலைக்கூட அடுப்பில் வைத்தேன். ஹோலில் ஆம்பிளைகள் இரண்டு பேரும் நான் பார்த்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஐயாயிரம் மைல் கடந்து வந்தும் என் தோளில் தட்ட ஆள் இருக்கிறதே!

அப்போதுதான் வந்திருந்த அந்த மனிதரின் குரல்: “உது நான் எப்பவோ பாத்த படம். கள்ளன் ஆரெண்டு சொல்லட்டே?”

“சொல்லாதேங்கோ!” என்று குசினியிலிருந்து கத்தினேன்.

“ஹோட்டல் மனேச்சர்தான்” என்றார், நான் கத்தியது காதிலேயே விழாதவர் போல.

அடுப்பை நிற்பாட்டினேன். நேரே ஹோலுக்கு வந்து, டிவிக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்தேன். “தேத்தண்ணி?” என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“வேண்டாமெண்டு இந்த அண்ணை சொன்னவரெல்லோ” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரையில் எல்லோரும் அறையில் கூடியிருந்தார்கள். “கள்ளன் இங்கேதான் இருக்கிறான்” என்றான் துப்பறிவாளன். என் தோளில் கை விழவில்லை. மனேச்சரைப் பிடித்தார்கள், சட்டைப் பையைக் கொட்டினார்கள், ஒன்றுமில்லை. படம் தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் தட்டில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாளே ஒரு வேலைக்காரி, அவளுடைய கேத்தலுக்குள் கிடந்தது மாலை! அத்தனை நேரமும் ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. நானும்தான். பொலிசோடு போகும்போது அவள் ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, இனி அவரவர் ஊற்றிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அது நல்ல சிரிப்பு அல்ல.

“நான் பாக்கேக்கை மனேச்சர்தான்” என்றார் அவர்.

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி மெதுவாகச் சொன்னா: “நீங்கள் எங்கை பாத்தனீங்கள்? கலியாணம் முடிச்ச புதுசிலை என்னோடை போன படமெல்லோ. லைட் போட முந்தி என்னை எழுப்பிக்கொண்டு வந்தனீங்கள்.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. முடிவைப் பார்க்காத மனிதர் இத்தனை வருடமாக எத்தனை பேருக்கு அந்த முடிவைச் சொன்னாரோ! பாவம் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

இவர் எழும்பிக் குசினிக்குப் போனார். அலுமாரிக் கதவுகள் திறந்து திறந்து அடிபட்டன. “இஞ்சரும், சீனி எங்கை வைச்சிருக்கிறீர்?” என்று கூப்பிட்டார்.

டிவியிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய மனைவி, அந்த அக்கா, எழும்பி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. திரையில் ‘முற்றும்’ என்று ஆங்கிலத்தில் எழுத்து விழுந்தது. இருவரும் முதல்முதலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது மறையும் வரைக்கும்.