தகரத்தில் கேட்ட மறுபாதி

வாய் ஓயாத ஒருத்தியைப் பேச ஆளே இல்லாத ஓர் இடத்தில் ஆண்டவர் கொண்டுபோய் விட்டார். அங்கே நான் பட்ட பாட்டையும், கேட்ட மன்றாட்டையும், அது எனக்குக் கிடைத்த விதத்தையும் என் வாயாலேயே உங்களுக்குச் சொல்வதாக நேர்ந்திருக்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள். சுருக்கிச் சொல்ல எனக்கு வராது என்பது எங்கள் ஊரான பள்ளிமுனை முழுவதற்கும் தெரியும்.

என் பெயர் திரேசம்மா. என் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். பிள்ளை இல்லை. அவருக்குப் பிறகு கோவில் மணிதான் என் நாளை நடத்தியது. விடிகாலை மணிக்கு எழும்பி, முகம் கழுவி, மணிச்செபம் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டி இடியப்பம் அவிப்பேன். விற்று முடிந்தால் கிணற்றடி. அங்கே ஊர்க்கதை எல்லாம் முடித்து வாளியை எடுக்க மத்தியான மணி அடிக்கும். பின்னேரம் குளித்து, மாதா சுரூபத்துக்கு முன் விளக்கு வைத்தால் அக்கம்பக்கத்து ஒழுங்கைச் சனம் என் வீட்டில் கூடிவிடும். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முன்பாதியை நான் சொல்ல, மறுபாதியை அவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லுவார்கள்.

"திரேசக்கா தொடங்கினா தலைமன்னாரில இருக்கிற சனமும் முழங்காலில நிக்கவேணும்" என்று பக்கத்து வீட்டுச் செலஸ்தீனா பகிடி பண்ணுவாள். அவ்வளவு பெரிய தொண்டை எனக்கு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் தவக்காலத்தில் முத்துக்குளிப்பு வந்தது. கொண்டச்சிக் கரைப்பக்கம் வெறும் மணலாய்க் கிடந்த இடத்தில் ஒரு பட்டினமே எழும்பிவிட்டது. ஓலைக் கடைகள், சம்மாட்டிமார், துரைமார், எங்கிருந்தெல்லாமோ வந்த சனம். சிப்பி அழுகிற நாற்றம் மூக்கைப் பிடுங்கும். சோற்றை மூடின கையை எடுத்தால் ஈ. ஆனாலும் குளிக்கப் போகிற ஆட்களுக்குக் காலைச் சாப்பாடு வேண்டுமே. செலஸ்தீனாவும் நானும் வேறு சில பெண்களும் வள்ளத்தில் போய் இறங்கி, கொட்டில் போட்டு, இடியப்பம் அவித்து விற்றோம்.

முதலில் இடுப்பு வலித்தது. அடுப்படியில் குந்தி இருந்த வலி என்று நினைத்தேன். பிறகு காய்ச்சல். வெயில் சூடு என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். நெற்றியில் முளைத்ததைச் செலஸ்தீனாதான் முதலில் கண்டாள். கண்ட உடனே வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா வந்து வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"அம்மா, இது பெரியம்மை. இனி நீங்கள் இங்க இருக்கேலாது. ஒதுக்கிடத்துக்குக் கொண்டு போகவேணும்" என்றார்.

மாட்டு வண்டிலில் ஏற்றினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் தூரத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். செலஸ்தீனா அழுதாள், ஆனால் கிட்ட வரவில்லை. அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. நான் அவளில் குறை சொல்லமாட்டேன். அன்று மட்டும் மனதுக்குள் சொன்னேன்.

ஒதுக்கிடம் என்றால் பற்றைக்காட்டு ஓரத்தில் தள்ளித் தள்ளிப் போட்ட ஓலைக் கொட்டில்கள். ஆண்களுக்குச் சில, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் கொட்டிலில் நான் ஒருத்திதான். சுற்றிவர முள்ளுக் கொப்பு வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளுக்கு அப்பால் ஒரு பலகைப் பெட்டி. காவல்காரர் அதில் கஞ்சியும் தண்ணீரும் வைத்து, பக்கத்தில் கிடந்த வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடுவார். தட்டுச் சத்தம் கேட்டால் நான் போய் எடுக்கவேண்டும். பேச்சு வார்த்தை கிடையாது.

அம்மை வருத்தம் பரவுகிறது என்று அரசாங்க ஏசண்டர் துரை முத்துக்குளிப்பை நிறுத்திவிட்டார். கொட்டில் வாசலில் இருந்து பார்த்தேன். வள்ளங்கள் ஒவ்வொன்றாய்ப் பாய் விரித்துப் போயின. அதில் எங்கள் ஊர் வள்ளமும் போனது. போனபின் அந்தக் கரையில் காற்றும் காகமும்தான். நோவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு அறிந்தேன். ஒருவரும் என்னை "திரேசா" என்று கூப்பிடாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானே என் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

பொழுது சாய, பழக்கம் விடவில்லை. கழுத்தில் கிடந்த செபமாலையை எடுத்துத் தொடங்கினேன். முன்பாதியைச் சொல்லி நிறுத்தினேன். மறுபாதி வரவில்லை. எப்படி வரும்? சொல்ல ஆள் இல்லையே. தனியே சொல்கிறவர்கள் இரண்டு பாதியையும் தாங்களே சொல்லுவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மறுபாதியில் "எங்கள் மரண நேரத்திலும்" என்று வருகிறது. ஊரில் எத்தனை பேரோடு சேர்ந்து எவ்வளவு லேசாய்க் கேட்ட சொல். அந்தக் கொட்டிலில், அந்த வருத்தத்தோடு, அதைத் தனியே என் வாயால் சொல்ல எனக்குப் பயமாய் இருந்தது. சொன்னால் அந்த நேரம் வந்துவிடும்போல் இருந்தது. அதனால் முன்பாதியை மட்டும் சொல்லுவேன், நிறுத்துவேன், அடுத்த மணிக்குப் போவேன். இப்படி ஒரு அரைச் செபமாலையை மாதா எந்தக் காலத்திலும் கேட்டிருக்கமாட்டா.

அப்போதுதான் இந்த மன்றாட்டைக் கேட்டேன். "தாயே, எனக்குச் சுகம் தந்தாலும் தராவிட்டாலும் உன்னுடைய விருப்பம். மறுபாதி சொல்ல ஓர் ஆளை அனுப்பு. எங்கள் ஊராளாய் அனுப்பு. ஒருவரும் இல்லாமல் என்னைச் சாகவிடாதே." ஊராளாய் என்று அழுத்திச் சொன்னேன். மாதாவுக்கே ஆள் தெரிந்தெடுத்துக் கொடுக்கிற புத்தி என்னுடையது.

நாட்கள் போயின. ஒருவரும் வரவில்லை. பின்னேரம்தோறும் அரைச் செபமாலைதான்.

ஒரு பொழுதுபடும் நேரம், முன்பாதியைச் சொல்லி நிறுத்திய உடனே முள்ளுக்கு அப்பால் இருந்து ஒரு குரல் பதறிப்போய்க் கேட்டது.

"அக்கா! உசிரோட இருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓம், இருக்கிறன். ஏன் கேக்கிறீங்கள்?"

"நல்லா ஓதிக்கொண்டு வாறீங்க. சொல்லி வச்ச மாதிரிப் பாதியில சத்தம் நிண்டு போகுது. ஒவ்வொருக்காலும் முடிஞ்சுது எண்டு நெஞ்சு திக்கெண்டுது. நேத்து ஓடிப்போய் அப்போதிக்கரி ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்திட்டன். அவர் எட்டிப் பாத்திட்டு, மனுசி இருந்து செபம் சொல்லுது எண்டு என்னை ஏசிப்போட்டுப் போறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சொண்டு வெடித்து நோகும், என்றாலும் சிரித்தேன். அந்தக் கொட்டிலில் நான் சிரித்த முதல் சிரிப்பு. தகரம் தட்டுகிற காவல்காரர்தான். பெயரைக் கேட்டேன். மீராசா என்றார், கொண்டச்சி ஆள். அவருக்கு எங்கள் முறையை விளங்கப்படுத்தினேன். முன்பாதி ஒருவர், மறுபாதி மற்றவர்கள். மறுபாதிக்கு ஆள் இல்லாததால்தான் நிறுத்துகிறேன் என்று சொன்னேன். பயத்தைச் சொல்லவில்லை.

பிறகு சொன்னார்: "உங்கட ஓதல் எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சாலும் நான் சொல்லக்கூடாது. கிட்ட வரவும் ஏலாது, வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கு. ஆனா இந்தத் தகரத்தில தட்டலாம்தானே? நீங்க நிப்பாட்டுற இடத்தில நான் தட்டுறன். ஆள் இருக்கு எண்டு தெரியும். அதில என்ன குற்றம்?"

"ஒரு குற்றமும் இல்லை நானா" என்றேன். அவர்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று தொடங்கியது. அவர் ஒரு பக்கம் ஒதுங்கி அந்தித் தொழுகையான மஃரிபு தொழுது முடிக்கும்வரை நான் காத்திருப்பேன். பிறகு என் பாதி. நிறுத்துவேன். டண் என்று ஒரு தட்டு. அடுத்த மணி. பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்புவரை கோவிலில் மணி அடிக்காமல் கட்டையைத் தட்டுகிறோமே, அந்த நினைவு எனக்கு வந்தது. நான் கேட்டது ஊராள். கிடைத்தது வேற்றூர் ஆள், வேற்று வேதத்து ஆள், தகரம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டபின் கொட்டிலின் இருட்டு எனக்கு முன்போலப் பெரிதாய் இல்லை.

பிறகுதான் வருத்தம் உச்சத்துக்கு ஏறியது. இமை வீங்கிக் கண் இரண்டும் ஒட்டிக்கொண்டன. தொண்டைக்குள்ளும் முளைத்துவிட்டது. எச்சில் விழுங்க உயிர் போனது. அப்போதிக்கரி ஐயா பஞ்சில் நனைத்துக் கஞ்சித் தண்ணீரை வாயில் விட்டுவிட்டு, "ஆண்டவரை நினைச்சுக்கொண்டு இருங்கோ அம்மா" என்று சொல்லிப் போனார். அந்தக் குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மற்றக் கொட்டில்களில் இருந்து ஆட்களைத் தூக்கிப் போன சத்தம் முன்பே கேட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் செபமாலையைக் கையில் எடுத்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் இல்லை. தலைமன்னார்வரை கேட்கும் என்று பகிடி பண்ணின தொண்டையில் ஒரு மூச்சுக்கூட வரவில்லை. கண்ணும் இல்லை, குரலும் இல்லை. இனி நான் உயிரோடு இருப்பது என் குரலைக் கேட்ட அந்த ஒரே மனிதரான மீராசா நானாவுக்கும் தெரியாது. சத்தம் இல்லாவிட்டால் செத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் போய்விடுவார். அவ்வளவு தனிமையை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை.

வெளியே "அக்கா?" என்று கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை. திரும்பவும் கேட்டது. பிறகு மௌனம். போய்விட்டார் என்று நினைத்தேன்.

டண்.

கொஞ்ச நேரம் விட்டு, மறுபடியும் ஒரு தட்டு. விளங்குகிறதா உங்களுக்கு? என் பாதிக்குச் செல்லும் நேரத்தைக் கணக்காய் விட்டு விட்டுத் தட்டினார். கேட்டுக் கேட்டு அந்த அளவு அவருக்குப் பிடிபட்டிருந்தது. நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரியாமலே, இருக்கிறேன் என்று வைத்துக்கொண்டு அந்த மனிதர் எனக்கு இடம் விட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். முன்பாதி. தட்டு. தட்டுக்குப் பிறகு, முதல்தடவையாக, மறுபாதியையும் நானே மனதுக்குள் சொன்னேன். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்." சொன்னேன். பயப்படவில்லை. வந்தால் வரட்டும், வெளியே ஆள் நிற்கிறது என்று இருந்தது. முழுச் செபமாலையும் அப்படியே போனது. எப்போது நித்திரையானேன் என்று தெரியாது.

விடிய எழும்பியபோது காய்ச்சல் தணிந்திருந்தது. அப்போதிக்கரி ஐயா கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் முறையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கண் திறந்தது. குரல் வந்தது, ஆனால் பழைய குரல் வரவில்லை. இப்போது நீங்கள் கேட்கிற இந்தக் கரகரப்புத்தான் மிச்சம். உயிர்ப்புத் திருநாளுக்கு நான் கோவிலில் இல்லை, பாஸ்கு நாடகம் பார்க்கவில்லை. கொட்டில் வாசலில் வெயிலில் குந்தி இருந்து ஒரு கோப்பை கஞ்சியை முழுதாய்க் குடித்தேன். அதுதான் என் உயிர்ப்புத் திருநாள்.

பாயையும் சேலையையும் கொளுத்தி, மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, போகலாம் என்று விட்ட அன்றுதான் மீராசா நானாவின் முகத்தைக் கிட்டப் பார்த்தேன். முகம் முழுக்க அம்மைத் தழும்பு, என்னுடையதைப் போலவே.

"சின்னனில எனக்கும் வந்தது" என்றார். "தனியத்தான் போட்டு வச்சாங்க. ஆரும் ஒரு சத்தம் தரமாட்டாங்களா எண்டு கிடந்தன். அல்லா உசிரைத் தந்தான். சத்தம்தான் கிடைக்கல்ல." அவ்வளவுதான் சொன்னார். நான் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கு வந்தபிறகும் கொஞ்சக்காலம் என் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. கோவிலில் நான் இருந்தால் பக்கத்துப் பாய் வெறுமையாய்க் கிடக்கும். இடியப்பம் வாங்க ஆள் இல்லை. விளக்கு வைத்து, இரண்டு பாதியையும் நானே சொல்லப் பழகிக்கொண்டேன். பழைய பழக்கங்களில் சில போயின, சில வந்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன். பாயை நாள்தோறும் வெயிலில் போடுகிறேன். சாப்பாட்டில் ஈ மொய்க்க விடமாட்டேன். உடம்பு கடவுள் தந்தது, அதைக் கவனிப்பதும் ஒரு செபம்தான்.

அடுத்த மழைக்குப் பிறகு செலஸ்தீனாவின் வாசலில் வேப்பிலை தொங்கியது. வருத்தம் அவளுக்குத்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். பொழுதுபட, அவள் வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய சத்தத்தில் செபமாலை கேட்டது. முன்பாதி. பிறகு ஒன்றுமில்லை.

ஒருமுறை வந்தவளுக்கு இனி வராது என்று அப்போதிக்கரி ஐயா எனக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் உடனே உள்ளே போகவில்லை. என் குசினியில் இருந்து ஒரு வெறும் தகரத்தை எடுத்துப் போய், வேலியடியில் நின்று, அவள் நிறுத்திய இடத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஆரது?" என்றாள்.

"நான்தான் திரேசா. நீ சொல்லு. மறுபாதிக்கு ஆள் இருக்கு" என்று சொல்லிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். அவள் பிழைத்தாள். இதோ, இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். வெட்கப்படாமல் தலையை நிமிர்த்தச் சொல்லுங்கள்.

அன்பானவர்களே, மாதா நாம் கேட்ட ஆளை அனுப்பாமல் விடலாம். ஆனால் ஆளில்லாமல் விடமாட்டா, நான் அதற்குச் சாட்சி. நம்பிக் கேளுங்கள். அதோடு, வேப்பிலை தொங்குகிற வாசலைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகாதீர்கள். உள்ளே போகப் பயமென்றால் போகவேண்டாம். வேலிக்கு வெளியே நின்று ஒரு தட்டுத் தட்டுங்கள். உள்ளே ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம்.