மருந்து படாத வம்சம்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் புழுக்காரி. குப்பிக்கு ஒன்றாகப் பருத்திக் காய்ப்புழுவை வளர்ப்பது அவள் வேலை. கடலைமாவுக் கூழ் ஊட்டி, குப்பி வாயைப் பஞ்சால் அடைத்து, பதினான்கு வருடமாகப் பூச்சிமருந்து வாசனையே படாத ஒரு வம்சத்தைக் கட்டிக் காத்து வந்தாள். "வீட்ல எனக்கு ஆறின சோறு, அங்க புழுவுக்கு விருந்து" என்று கணவன் கேலி செய்வான். அதிலும் அவளுக்குப் பெருமைதான்.

அந்த வம்சம்தான் அங்கே அளவுகோல். அதைக் கொல்லும் அளவைப் போல எத்தனை மடங்கு மருந்து கொடுத்தால் வயல் புழு சாகிறது என்று பார்ப்பார்கள். ஒரு மடங்கு என்றால் மருந்து கேட்கும். முப்பது, நாற்பது என்று போனால் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீரையே அடித்துவிட்டுப் போகலாம்.

கொழுந்தன் கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். வீட்டைப் பூட்டும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துப் பழகிய கை, புழு அறையைப் பூட்டும்போதும் அணைத்துவிட்டது. ஏசி நின்றது. ஐந்தாம் நாள் கதவைத் திறந்ததும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. குப்பிக்குக் குப்பி புழுக்கள் கறுத்துச் சுருண்டு கிடந்தன. பேருக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை.

அன்றே சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அதிகாரி நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். பிறகு வேறு நிலையத்திலிருந்து முட்டை வரவழைத்திருப்பார்கள். அந்த நாலு பேர் முன்னால் தலைகுனிய அவளுக்கு மனம் வரவில்லை.

பஸ் பிடித்து அக்காவின் பருத்தி வயலுக்குப் போனாள்.

"எதுக்குடி இத்தனை புழு?"

"பரிசோதனைக்குக்கா."

அக்கா இடுப்பு வலியோடு கூடவே குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். இரண்டே நாளில் குப்பிகள் நிறைந்தன. புழுவின் முகத்தைப் பார்த்துக் குலம் கோத்திரம் சொல்ல யாரால் முடியும்?

அடுத்த பருவத்தில் அக்கா மருந்து டப்பாவும் வயலில் பொறுக்கிய புழுக்களுமாக வந்து நின்றாள். "இந்த மருந்து கேக்கலன்னு பக்கத்து வயல்காரர் சொல்றார். மாத்தணுமாடி? நீ சொன்னா சரி."

புழுக்காரி அக்கா வயல் புழுவை அக்கா வயல் புழுவோடுதான் ஒப்பிட்டாள். ஒரு மடங்கு என்று வராமல் வேறு எப்படி வரும்? இரண்டு கூட்டமும் சாவதற்குள் குடித்த மருந்தின் அளவைப் பார்த்தால் எவருக்கும் பகீரென்றிருக்கும். அதிகாரி அறிக்கையின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவள் எல்லா வரிகளையும் பார்த்தாள். அக்கா போனில் கேட்டபோது வாய் கூசாமல் சொன்னாள்: "கேக்கும்க்கா. தைரியமா அடி."

அக்கா அடித்தாள். புழு சாகவில்லை. இரண்டாம் முறை கூட்டி அடித்தாள். மூன்றாம் முறை எதிர்க்காற்றில் மூக்கைக்கூட மூடாமல் அடித்து, வரப்பிலேயே வாந்தி எடுத்து விழுந்தாள். புழுக்கள் காய் காயாகத் துளைத்துச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மாமா கொதித்தார். "உன் தங்கச்சி பேச்சைக் கேட்டு மொத்தமும் போச்சு."

"அவளைச் சொல்லாதீங்க." அக்காவுக்குக் குரலே எழும்பவில்லை. "பொழுது விடிஞ்சா இதே வேலையா இருக்கறவ, அவளுக்கா தெரியாது? நான்தான் கலக்கறதுல ஏதோ தப்பு பண்ணிட்டேன்." தங்கையின் கையைப் பிடித்தாள். "சொல்லுடி, தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டேனா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கட்டிலைச் சுற்றி மாமா, பக்கத்து வயல்காரர், அவர் மனைவி, நர்ஸ் என்று இங்கேயும் நாலு பேர்.

"இருக்கும்க்கா. நீ அளவு பாத்து ஊத்தியிருக்கணும்."

"கேட்டியா? ஒரு வேலை உருப்படியா தெரியுதா உனக்கு?" என்றார் மாமா.

அத்தனை பேர் முன்னால் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தங்கையின் கையை மட்டும் விடவில்லை.