பாராளுமன்றத்தில் நான் போட்ட குலவை

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு விடியலில், கந்தப்பளையிலிருந்து வேன் பிடித்துப் பதினொரு பெண்கள் கொழும்புக்குப் போனோம். எல்லோரும் தேயிலை மலையில் கொழுந்தெடுத்தவர்கள். பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பொம்பளைப் பிள்ளை ஒன்று தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆகியிருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அதுவரை ஆம்பளைகள்தான் அந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு அது முதல் முறையாகப் பேச இருந்தது. "நீங்க எல்லாரும் வந்து கேக்கணும்" என்று அதுவே பாஸ் எடுத்துக் கொடுத்தது.

எங்களை மேலே, பார்வையாளர் இடத்தில் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, கை தட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கீழே அந்தப் பிள்ளை எழுந்தது. எழுதி வந்த தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தது.

"கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு மலையில் ஒரு மலசலகூடம் இல்லை. அதற்குப் பயந்து என் அம்மா வேலை நேரத்தில் தண்ணீர் குடித்ததே இல்லை."

நானும் முப்பத்தாறு வருடம் அப்படித்தான் இருந்தேன். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் அது கூசாமல் சொன்னதும் எனக்குள் என்னமோ பொங்கிவிட்டது. மாரியம்மன் தேர் கிளம்பும்போது போடுவது போல, நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவை போட்டுவிட்டேன்.

கீழே இருந்த தலைகளெல்லாம் மேலே நிமிர்ந்தன. பேச்சு நின்றது. ஒரு பெண் பொலிஸ் வந்து, "அம்மே, எளியட்ட யமு" என்று சிங்களத்தில் சொல்லி, கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளையின் முதல் பேச்சை நானே கெடுத்துவிட்டேனே, இனி அதைக் கேலி பண்ணுவார்களே என்று அழுகை வந்தது. பொலிஸ்காரப் பெண் பாவம் பார்த்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் வந்தார்கள். என் மதினிக்கு ஒரே சிரிப்பு. "கை தட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. குலவை போடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது அந்தப் பிள்ளையே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தது.

"குலவை போட்டது யாரு?"

"நான்தாம்மா. தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்க."

"அட போங்கம்மா! பயத்துல அடுத்த வார்த்தை வராம முழிச்சுக்கிட்டு நின்னேன். உங்க சத்தம் கேட்டதும்தான் நம்ம ஆளுங்க மேல இருக்காங்கன்னு தைரியம் வந்துச்சு. தாளைக்கூடப் பாக்காம பேசி முடிச்சேன்" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. பிறகு காதோடு, "அடுத்த தடவ கொஞ்சம் மெதுவா போடுங்க. பக்கத்து சீட்டு ஐயா துள்ளி விழுந்துட்டாரு" என்றது.

அப்புறம்தான் நானும் சிரித்தேன். கந்தப்பளை வந்து சேரும்வரை வேனுக்குள் குலவை ஓயவில்லை.

எழுபது வயதுவரை வாய்க்குள்ளேயே வைத்திருந்ததையெல்லாம் இப்போது தோட்டத்து ஆபீஸில் போய் நிமிர்ந்து நின்று கேட்கிறேன். அன்று நான் அந்தப் பிள்ளைக்குத் தைரியம் கொடுத்ததாக எல்லோரும் சொல்கிறார்கள், அது எனக்குக் கொடுத்தது எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.