அறுபத்து மூன்றில் தொடங்கிய டிஸ்க்

என் அக்காவை அவள் வேலை செய்யும் ஸ்கேன் சென்டரில் சர்வர் மேடம் என்பார்கள். புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அவளிடம் இரண்டு காபி கேட்டுவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கேண்டீன் கீழே இருக்கிறது என்று கை காட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். வீட்டில் வந்து இதைச் சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்குத்தான் புரை ஏறியது.

அங்கே எடுக்கிற படமெல்லாம் குளிரூட்டிய ஓர் அறையில் இருக்கும் சர்வரில் போய்ச் சேரும். மாடியில் டாக்டர்கள் படம் பார்க்கும் அறையில் முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது. சர்வரில் ஆளுக்கொரு பங்கைப் பிரித்து, ஒயர் வழியாக அதைத் தன் டிஸ்க் என்றே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நம்பும்படி அக்கா செய்து வைத்திருந்தாள். பதினேழு வருஷமாக இதுதான் அவள் வேலை. கல்யாணம் வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்றவள். எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள், சாப்பாடு எங்களோடு. நான் டைல்ஸ் போடுகிறவன். எங்கள் இருவருக்கும் பேச்சு ஒத்துப்போவது குறைவு, சண்டை அதைவிடக் குறைவு.

நான்கு வருஷத்துக்கு முன்னால் புது சர்வர் வந்தது. அதே வாரம் மாடிக்குப் போகும் ஒயர்களையும் மாற்றினார்கள். மாற்றியவர் கேபிள்காரர். சென்டரில் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒவ்வொரு ஒயர் நுனியிலும் வெள்ளை லேபிள் ஒட்டி, குண்டு குண்டாக எண் எழுதுவார். பாதி வேலையில் கம்பி நீட்டுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து மாடியில் எல்லாம் ஆமை வேகம். படத்தில் ஒரு குறி போட்டுச் சேமிக்கப் பத்தொன்பது நொடி. டாக்டர்கள் கத்தினார்கள். சர்வரை விற்ற ஆட்கள் வந்து சோதித்து, எங்கள் பக்கம் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்காவும் அளந்து பார்த்தாள். சர்வருக்குள்ளே எல்லாம் ஜோராக ஓடியது. மிச்சமிருந்தது ஒயர்தான்.

ஆக, பழி கேபிள்காரர் தலையில் விழுந்தது. அவரும் சலிக்காமல் நுனி நுனியாக வெட்டி மறுபடி மாட்டினார். நான்கு வருஷத்தில் சில ஒயர்களை மூன்று தடவை மாற்றியிருக்கிறார். கடைசியில் நிர்வாக அதிகாரி பொறுமை இழந்தார். மாதக் கடைசியோடு அவருடைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வேறு கம்பெனியைக் கொண்டுவருவது என்று முடிவானது. அந்தக் காகிதத்தில், ஒயரில்தான் குறை என்று தொழில்நுட்பக் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட்டது என் அக்கா. இதில் பொய் எதுவும் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது மாடியில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வழக்கமாக அக்கா, எல்லாவற்றுக்கும் மூலமாகத் தான் முன்பே செய்து வைத்திருந்த மாதிரி டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிடுவாள். அன்றைக்கு என்ன காரணமோ நகல் ஏறவில்லை. சரி போ என்று அந்த ஒன்றுக்கு மட்டும் புதிதாக எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அந்த நாற்காலிக்கு டாக்டர்களுக்குள் அடிதடி நடக்காத குறை. அதில் மட்டும் மூன்று நொடியில் சேமிக்கிறதாம். ஒயரின் அதிர்ஷ்டம் என்று நினைத்த அக்கா, அந்த ஒயரைப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மாட்டினாள். பக்கத்துக் கம்ப்யூட்டர் பழையபடி பத்தொன்பது நொடிதான். புதிதாகப் போட்டதோ வேறு ஒயரிலும் மூன்றுதான்.

அன்று சாயங்காலம் அக்கா சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், பதில் நீளமாக வந்தது. பழைய சர்வர் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும், எழுதும். எந்தத் துண்டில் தொடங்கினாலும் அதற்கு ஒன்றுதான். புது சர்வர் எட்டுத் துண்டைச் சேர்த்து ஒரு கட்டமாக வைத்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தை முழுசாகத்தான் தொடும். கம்ப்யூட்டரும் எட்டெட்டாகத்தான் அனுப்புகிறது. அதுவரை பொருத்தம். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன் அவள் செய்த மாதிரி டிஸ்க், அந்தக் காலத்து வழக்கப்படி, முதல் அறுபத்து மூன்று துண்டுகளை விட்டுவிட்டு எழுதத் தொடங்குகிறது. அறுபத்து மூன்று எட்டில் அடங்காது. அதனால் வருகிற ஒவ்வொரு எட்டிலும் ஒன்று இந்தக் கட்டத்திலும் ஏழு அடுத்த கட்டத்திலும் விழுகிறது. ஓர் எட்டை எழுத, சர்வர் இரண்டு கட்டத்தை எடுத்துப் படித்து, திருத்தி, இரண்டையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. புதிதாகப் போட்ட அந்த ஒன்று மட்டும், இந்தக் காலத்து வழக்கப்படி, சரியாக ஒரு கட்டத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்திருக்கிறது.

“அட, முதல் வரிசையை ஒரு இஞ்ச் தள்ளி ஆரம்பிச்சுட்டே. அப்புறம் கடைசி வரைக்கும் எல்லா டைல்ஸும் கோட்டுக்கு வெளியதான் வரும்” என்றேன்.

“ஆமாடா.”

“அறுபத்து நாலை விட்டுட்டு ஆரம்பிச்சிருந்தா?”

“ஒண்ணுமே ஆயிருக்காது.”

நான் சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் கேபிள்காரர் ஞாபகம் வந்தது. முப்பத்திரண்டு கம்ப்யூட்டரும் அந்த ஒரே மாதிரியின் நகல். புது சர்வருக்கு அதை அப்படியே தூக்கி வைத்தவளும் இவள்தான்.

சனிக்கிழமை மத்தியானம் போனவள் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் வீடு திரும்பினாள். மீதி முப்பத்தொன்றையும் சரியான இடத்திலிருந்து தொடங்கும்படி மாற்றியாயிற்று. திங்கட்கிழமை காலை மாடியில் ஒரே சந்தோஷம். அதில் ஒரு கூத்து, புது கேபிள் கம்பெனி ஆட்கள் சனிக்கிழமை காலையில் வந்து டேப்பால் சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை. பாராட்டு முழுக்க அவர்களுக்குப் போனது.

அன்று நடந்த ஊழியர் கூட்டத்தில் அக்கா எழுந்து உண்மையைச் சொன்னாள். அடுத்த மாதம் அவளைத் துறைக்குத் தலைவியாக்குவதாக இருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னாள். நிர்வாக அதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“சரியாயிடுச்சில்ல மேடம், இன்னும் எதுக்கு அதையே நோண்டறீங்க?”

“அவர் மேல தப்பில்ல சார். அவரை நிறுத்தாதீங்க.”

“புது கம்பெனிக்கு ஆர்டர் போயாச்சு. யார் தப்புன்னு இப்ப யார் கேட்டாங்க?”

அக்கா திரும்பி வந்து ஒரு கடிதம் எழுதினாள். தேதி வாரியாக, எது எப்போது நடந்தது, யார் செய்தது என்று. சப்பைக்கட்டு ஒன்றும் இல்லை. டாக்டர்களிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அனுப்பினாள். தலைவி பதவியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் அவளிடம் பேசவில்லை. ஒப்பந்தமும் சொன்னபடி முடிந்தது. என் அக்காவைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். தப்பு செய்தவர்கள் நூறு பேரில் ஒருத்தர்கூட இப்படி வாசல் காவலருக்கு எழுத மாட்டார்கள் என்றேன்.

ஒப்பந்தம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடிதத்தின் ஒரு பிரதியை நேரில் கொடுக்க வேண்டும் என்றாள். ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். கேபிள்காரர் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். வீட்டில் பாதி இடம் ஒயர்ச் சுருள்கள். ஊருக்கு வெளியே ஒரு குடோனில் தற்காலிகமாக வேலை கிடைத்திருக்கிறதாம். எங்களை உட்காரவைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

“இப்ப எத்தனை செகண்டு மேடம்?”

“மூணு.”

“மூணா!” அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. “எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்தான் அண்ணே.”

“நல்லதாப் போச்சு.” கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ரெண்டு வருஷம் முன்னாடி என் லேப்டாப்பை அதே ஒயர்ல மாட்டிப் பார்த்தேன். சர்வர்ல சட்டுன்னு எழுதுச்சு. உங்க கம்ப்யூட்டர் மட்டும்தான் திணறுச்சு. ரெண்டுக்கும் நேரத்தைக் குறிச்சு எடுத்துட்டு உங்க ரூமுக்கு வந்தேனே.”

அக்கா அவரைப் பார்த்தாள். “எங்கிட்டயா? நான் என்ன சொன்னேன்?”

“‘நீங்க ஒயரைப் பாருங்கண்ணே, டிஸ்க்கை நான் பார்த்துக்கறேன்’னீங்க.” அவர் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. “அதுவும் சரிதானே மேடம். எனக்கு டிஸ்க்கைப் பத்தி என்ன தெரியும்? அப்புறம் நான் கேட்கலை.”

டீ வந்தது. குடித்தோம். அவர் குடோன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாடிப் படியில் அவள் நின்றுவிட்டாள். “அவர் வந்ததே எனக்கு ஞாபகம் இல்லைடா. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், வரவே மாட்டேங்குது” என்றாள். பிறகு, “நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாய் எழவில்லை.

“சொல்லியிருப்பே” என்றேன்.

அவள் பையிலிருந்து கடிதத்தின் இன்னொரு பிரதியை எடுத்து, படிக்கட்டுச் சுவரில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் ‘இரண்டு வருஷத்துக்கு முன்’ என்று எழுதத் தொடங்கினாள். நான் இரண்டு படி கீழே நின்று காத்திருந்தேன்.